நாளும் கிழமையும்: தமிழர் குறிப்பெழுதிய முறை

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்க நண்பர்கள், சங்க இலக்கியம் பற்றியோ பக்தி இலக்கியம் பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றி எழுதப் பேராசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அடியேன் செம்பூரில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன். கல்லூரியில் தமிழ் படித்தவனல்லன். கடையை அடைத்த பிறகு இரவில் படித்ததுதான் என் படிப்பு. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே, அதாவது கணக்கும் குறிப்பும் எழுதுகிற விஷயத்தையே, வரலாற்றோடு சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன்.

கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 'மெட்டாடேட்டா' என்று ஒரு சொல்லைச் சொல்லுவார்கள். தகவலைப் பற்றிய தகவல் என்று பொருள். ஒரு குறிப்பு இருக்கிறது; அதை எழுதியவர் யார், எந்த நாளில், எந்த ஊரில், எதைப் பற்றி என்று அதன் தலைமாட்டிலே குறித்து வைப்பது. அப்படிக் குறித்தால் ஆயிரம் குறிப்புகளுக்கு நடுவிலும் வேண்டியதைத் தேடி எடுக்கலாம். அவர்கள் இதைப் புதிதாக வந்த விஷயம் போலப் பேசுகிறார்கள். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பல தலைமுறைகளாகச் செய்து வந்த வேலைதான் இது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எட்டுக் குறிகள்

பழைய தமிழ்ப் பத்திரங்களையும் கணக்கு ஏடுகளையும் பார்த்தவர்களுக்குச் சில விசித்திரமான எழுத்துகள் தெரிந்திருக்கும். எழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கி எழுதிய குறிகள் அவை. ௳ என்றால் தேதி. ௴ மாதம். ௵ வருஷம். ௶ பற்று. ௷ வரவு. ௸ மேற்படி. ௹ ரூபாய். ௺ இலக்கம், அதாவது எண். மொத்தம் எட்டு.

இந்த எட்டையும் ஒரு தரம் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்றுகூடச் செய்தியைச் சொல்லும் எழுத்தல்ல. பக்கத்தில் இருக்கும் சொல்லோ எண்ணோ எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் எழுத்து. '25' என்று மட்டும் எழுதினால் அது தேதியா, ரூபாயா, பற்றா, வரவா? பக்கத்தில் ஒரு குறி போட்டால் சந்தேகமில்லை. இன்று கணினிப் படிவத்தில் 'தேதி', 'தொகை' என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கிறார்களே, அந்தக் கட்டத்தின் வேலையை ஒரே எழுத்தில் செய்துவிட்டார்கள். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு நான்காம் பதிப்பில் இந்த எட்டுக் குறிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். கணினியில் இன்று இவற்றை எழுதலாம். எழுதத்தான் ஆளில்லை.

கல்லிலும் ஓலையிலும்

தாள் வருவதற்கு முன்னாலேயே இந்தப் பழக்கம் கல்லில் இருந்திருக்கிறது. சோழர் கல்வெட்டு எதை எடுத்தாலும் முதலில் அரசன் பெயர், அவனுடைய ஆட்சியாண்டு, பிறகு வளநாடு, நாடு, ஊர், அதன் பிறகுதான் கொடை. தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்துக் கலசத்துக்குரிய செப்புக்குடத்தை முதலாம் இராஜராஜன் கொடுத்தது தம் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று கல்லிலே இருக்கிறது. வருஷம் சொன்னது போதாது என்று நாளையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்.

பாத்திரக் கடைக்காரனான என்னை இதைவிடக் கவர்ந்தது வேறொன்று. அந்தக் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்ததாகவும், மணிகளும் முத்துகளும் பதித்த நகைகளை 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லால் நிறுத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு எடை என்பதோடு எந்த எடைக்கல்லால் என்பதும் கல்வெட்டில் ஏறிவிட்டது. வியாபாரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய் மணங்கு 28 பவுண்டு. சென்னை மணங்கு 25 பவுண்டு. வங்காள மணங்கோ 82 பவுண்டுக்கும் மேல். 'பத்து மணங்கு' என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, 1960-களில் மெட்ரிக் முறை நிலைபெற்ற பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

ஓலைச்சுவடியிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண்ணில் இலக்கம் இருக்கும். கயிறு அறுந்து ஏடு கலைந்தாலும் திரும்ப அடுக்கிவிடலாம். பல சுவடிகளின் கடைசியில் இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன நட்சத்திரம், இன்ன கிழமையில் இன்னார் எழுதி முடித்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் சமணக் குடும்பங்களில் ஏடு எழுதிக் கொடுப்பதைச் சாத்திர தானம் என்று புண்ணியமாகக் கருதினார்கள். நூலின் சரக்கு ஆசிரியருடையது. இந்தக் கடைசி நாலு வரிதான் பிரதி எழுதினவருக்குச் சொந்தம். சுவடி எத்தனை பழையது, எந்த ஊர்ச் சரக்கு என்று ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுவதும் அந்த நாலு வரியைத்தான்.

புதுவையில் ஒரு துபாஷி

தனி மனிதர் ஒருவர் தம் வாழ்நாளையே இந்த ஒழுங்கில் எழுதி வைத்ததற்குத் தமிழில் மிகப் பெரிய சான்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அவர் 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பெரிய வணிகராகி, பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பர் 6-இல், தமிழ்க் கணக்கில் நள வருஷம் ஆவணி மாதத்தில், எழுத ஆரம்பித்தார். 1761-இல் காலமாகும் வரை ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் எழுதினார். புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த அதே ஜனவரி மாதத்தில்தான் அவரும் கண்ணை மூடினார்.

அந்த நாட்குறிப்பில் கப்பல் வந்தது, பீரங்கிக் குண்டு எத்தனை போட்டார்கள், சீட்டு யாரிடமிருந்து வந்தது, சரக்கு என்ன விலை, கவர்னர் என்ன கேட்டார், தாம் என்ன பதில் சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழை பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நாளின் தலையிலும் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை இருக்கும். அதோடு ஐரோப்பியத் தேதியும் இருக்கும். சரக்கு எப்படி இருந்தாலும் சீட்டு ஒட்டுவதில் அவர் தவறவில்லை. வணிகர் புத்தி அது.

இரண்டு தேதி போட்டதன் அருமை பின்னால் வந்தவர்களுக்குத்தான் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே புதிய கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய காலண்டரையே வைத்திருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2-க்கு மறுநாளைச் செப்டம்பர் 14 என்று அறிவித்து 11 நாளை விழுங்கினார்கள். ஆக 1752 வரை சென்னையில் ஒரு தேதி, நூறு மைல் தள்ளிப் புதுச்சேரியில் வேறொரு தேதி. 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னைக் கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் ஏட்டில் செப்டம்பர் 10. பிரெஞ்சு ஏட்டில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். இவர்கள் இரண்டு பேரும் தேதியில் முரண்பட்டுக் கொண்டிருந்தபோது, நம் பஞ்சாங்கத்துத் தேதி இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனந்தரங்கர் போல இரண்டையும் எழுதினவரின் குறிப்பைக் கொண்டு அந்த நாளை ஐயமில்லாமல் பிடித்துவிடலாம்.

அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் அந்த ஏடுகளைப் பற்றி வெளியுலகம் பேசவில்லை. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். ஏரியல் என்பவர் எடுத்த பிரதி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை. ஆனால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை கிடைக்கவில்லை என்று சொல்ல முடிகிறதே, அதுவே தலையில் தேதி இருந்ததால்தான். அவருக்குப் பின் அவர் குடும்பத்தாரும், பிறகு இரண்டாம் வீராநாயக்கர் என்பவரும் இதே வழியில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஆக இது ஒரு தனி மனிதரின் வினோதமாக நின்றுவிடவில்லை. புதுவையில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று.

கிழமை எதற்கு?

தேதி எழுதினால் போதாதா, கிழமை வேறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. அறுபது முடிந்தால் மறுபடி பிரபவ. ஆகவே 'விய வருஷம் தை மாதம்' என்று ஓர் ஏட்டில் இருந்தால் அது 1947 தொடக்கமா, 1887 தொடக்கமா, அதற்கும் முந்தியதா என்று சொல்ல முடியாது. அங்கேதான் கிழமை கைகொடுக்கும். அறுபது வருஷம் தள்ளினால் அதே தமிழ்த் தேதிக்குக் கிழமை ஐந்தோ ஆறோ நாள் மாறிவிடும். அடுத்த சுற்றில் அதே கிழமை அமையவே அமையாது.

கல்வெட்டுகளில் வரும் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றையும் பொருத்திப் பார்த்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடிக்கும் கலையை நமக்கு எளிதாக்கித் தந்தவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). சென்னைச் சட்டசபைத் தலைவராகவும் இருந்தவர். 1911-இல் அவர் வெளியிட்ட இந்தியக் காலக்கணக்கு நூல் கி.பி. 2000 வரை உள்ள தேதிகளுக்கு வழி சொல்கிறது. 1922-இல் வந்த பெரிய பஞ்சாங்கத் தொகுப்பு கி.பி. 700 முதல் 1799 வரை உள்ளது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த அவருடைய நூலின் மறுபதிப்பு ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

அந்தப் புத்தகம் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கையே தீர்த்தது. எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். அங்கே எங்களுக்கு ஒரு துண்டு நன்செய் இருந்தது. எங்க தாத்தா சுயமாக வாங்கினதென்று நாங்களும், அவருடைய அப்பா வாங்கினதென்று தாத்தாவின் தம்பி வீட்டாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தாத்தா வாங்கியிருந்தால் முழுவதும் எங்களுக்கு. கொள்ளுத்தாத்தா வாங்கியிருந்தால் சரிபாதி அவர்களுக்கு. மூலப்பத்திரம் இரு வீட்டிலும் இல்லை. இருந்ததெல்லாம் பழைய கணக்கேட்டில் ஒரே ஒரு வரி: விய ௵ தை ௴ 5 ௳ திங்கட்கிழமை, இன்ன நிலத்துக்குக் கிரயம் கொடுத்து முடிந்தது, இத்தனை ௹ என்று. எழுதினவர் பெயர் இல்லை. எழுத்தைப் பார்த்து அப்பா எழுத்து, பிள்ளை எழுத்து என்று பிரிக்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1947-இல் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. ஆக தை 5-ஆம் தேதி சனிக்கிழமை வருகிறது. திங்கள் வராது. அதற்கு முந்தின சுற்றில் 1887-இல்தான் திங்கள் பொருந்துகிறது. தாத்தா அப்போது பிறக்கவேயில்லை. அந்தக் கிழமை எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது என்பது உண்மை. என் தம்பி, 'அண்ணே, இதை நாமா எடுத்துச் சொல்லணுமா?' என்று கேட்டான். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். 'எழுதினவரு கிழமையை எதுக்குப்பா எழுதி வெச்சாரு? பின்னால வர்றவன் படிக்கத்தானே' என்றார். ஊருக்குப் போய் ஏட்டைக் காட்டி, பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து வருஷமாகப் போக்குவரத்து இல்லாமல் இருந்த அந்த வீட்டாரோடு இன்று கல்யாணம் கார்த்திகைக்குக் கலந்துகொள்கிறோம்.

சிட்டையும் பேரேடும்

நாள் வரிசையில் எழுதினால் மட்டும் தேடிவிட முடியுமா? முடியாது. அதற்கு வணிகர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் கடைகளில் நடந்ததை நடந்தபடி உடனே கிறுக்குவது சிட்டை. அதைப் பார்த்து நாள் வரிசையில் ஒழுங்காக எழுதுவது நாள்வழி அல்லது குறிப்பேடு. அதிலிருந்து ஆள் பேர் வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கட்டுவது ஐந்தொகை. ஒரே விற்பனை நாள்வழியில் நாளுக்குக் கீழேயும், பேரேட்டில் ஆளுக்குக் கீழேயும் இருக்கும். எந்தப் பேரேட்டுப் பக்கத்தில் ஏற்றினோம் என்ற எண்ணைக் குறிப்பேட்டின் ஓரத்தில் போட்டுவிடுவோம். நாளைச் சொன்னால் ஆள் கிடைப்பான். ஆளைச் சொன்னால் நாள் கிடைக்கும்.

மும்பைக்கு வந்த புதிதில் மஸ்ஜித் பந்தர் குஜராத்தி வியாபாரிகளிடம் இதையே பார்த்தேன். அவர்கள் நாள்வழியை ரோஜ்மேள் என்றும், பேரேட்டைக் காதாவஹி என்றும் சொல்வார்கள். மராத்தியர் ரோஜ்கீர்த், கதாவணி என்பார்கள். இத்தாலியில் லூக்கா பச்சோலி என்ற துறவி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலிலும் இதே மூன்று புத்தகங்கள் உண்டு. பேரேட்டுப் பக்க எண்ணை ஓரத்தில் போடுகிற வழியும் உண்டு. யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கடன் கொடுத்துக் கடன் வாங்கிப் பிழைக்கிறவன் எந்த நாட்டிலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

மும்பையில் நமக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நம் புத்தாண்டு சித்திரை. மராத்தியர் சக வருஷம் குடிபாட்வாவில் பிறக்கும். குஜராத்தியர் விக்கிரம வருஷம் தீபாவளிக்கு மறுநாள் பிறக்கும். வீர நிர்வாண ஆண்டும் அதே நாளில்தான். வருமான வரிக்கு ஏப்ரல் 1. 'போன வருஷக் கணக்கு' என்று ஒருவர் சொன்னால் எந்த வருஷம் என்று கேட்டுக்கொள்ளாமல் இந்த ஊரில் வியாபாரம் செய்ய முடியாது.

மேற்படி

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைத் தமிழர் யாரும் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லா, செம்பூர்ப் பள்ளப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் கிட்டங்கியில் இடுப்பளவு நின்றது. பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கழுவி விற்றோம். கணக்குப் புத்தகங்களும், அப்பா 1950-களிலிருந்து எழுதி வந்த குறிப்பு நோட்டுகளும் ஊறித் தையல் விட்டுத் தாள் தாளாக மிதந்தன.

கொடியில் துணி உலர்த்துவது போலத் தாள்களை உலர்த்தி, நானும் என் மனைவியும் ஒரு மாதம் உட்கார்ந்து அடுக்கினோம். தலையில் ௵, ௴, ௳ மூன்றும் இருந்த தாள்கள் தம் இடத்துக்குத் தாமே போய் உட்கார்ந்தன. ௸ என்று ஆரம்பித்த தாள்கள்தான் எங்களை அழ வைத்தன. மேற்படி தேதி, மேற்படியாருக்கு, மேற்படி வகைக்கு என்று இருக்கும். மேலே இருந்த தாள் எது? யார் அந்த மேற்படியார்? எழுத்து பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. அப்பா காலமாகி அப்போது இரண்டு வருஷம். கேட்கவும் ஆளில்லை.

எட்டுக் குறிகளில் இந்த ஒன்று மட்டும் தன் காலில் நிற்காது. முந்தின வரியில் சாய்ந்து நிற்கும். முந்தின வரி போனால் அதுவும் போயிற்று. சொந்த ஊரில் இது பெரிய நஷ்டமில்லை. மேற்படியார் யார் என்று சொல்லத் திண்ணைக்குத் திண்ணை ஆளிருக்கும். ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம் தையல் விட்ட தாள் மாதிரி. நமக்கு முந்தின பக்கம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் தன் தலைப்பைத் தானே சுமக்க வேண்டும். நான் இக்கட்டுரையில் சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயத்தைத்தான்.

சீர்காழி தந்த அறிவு

இந்த ஒழுங்கையே ஒரு விஞ்ஞானமாக்கி உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில துண்டுகளும் திருகாணிகளும்தான். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள். புத்தகத்துக்கு இடும் எண்ணையும் இப்படித் துண்டு துண்டாகப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் துண்டுகளை முக்காற்புள்ளியால் பூட்டினார். 1933-இல் வெளிவந்த அவருடைய முறைக்குக் 'கோலன்' பகுப்பு என்று பேர் வந்தது அதனால்தான்.

எந்தப் பொருளையும் ஐந்து முகமாகப் பார்க்கலாம் என்று அவர் பின்னால் வகுத்தார். முதன்மையாக எதைப் பற்றியது, எந்தச் சரக்கு, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். இந்த ஐந்தையும் நம் பேரேட்டு வரியோடு வைத்துப் பாருங்கள்: இன்னாருக்கு, இன்ன சரக்கு, விற்றது, இன்ன ஊரில், இன்ன தேதி. ரங்கநாதன் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கற்றார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன என்பதே கருத்து. அவர் பிறந்த நாளாக ஆகஸ்ட் 12 நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்காவது பிள்ளைகளுக்கு அவர் பேரைச் சொல்லுங்கள்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் போட்டோக்கள். நம் வீட்டுப் படங்களின் பின்புறத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் 'பெரியப்பா, சின்ன அத்தை, செம்பூர் வீடு' என்று இருக்கும். யாருக்குப் பெரியப்பா? எழுதினவருக்கு. எழுதினவர் போய்விட்டால் உறவுமுறைச் சொல்லும் ஒரு 'மேற்படி'தான். உறவைச் சொல்லிக் கூப்பிடுவது நம் மரபு, அது இருக்கட்டும். எழுதும்போது பேரை எழுதுங்கள். இடமிருந்து வலமாக, இன்னார், இன்னார் மகன் அல்லது மனைவி என்று. பெரியவர் பேரை எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பேர் இல்லாமல் போவதுதான் மரியாதைக் குறைவு.

இரண்டாவது, உடம்புக் கணக்கு. நம் வயதில் பாதிப் பேர் சர்க்கரை அளவை எழுதி வைக்கிறோம். '140' என்று மட்டும் எழுதினால் டாக்டருக்கு என்ன தெரியும்? சாப்பிடுவதற்கு முன்னாலா, பின்னாலா, எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் என்று சேர்த்து எழுத வேண்டும். இராஜராஜன் எடைக்கல்லின் பேரை எழுதினது போலத்தான். அளவை எழுதினால் அளவுகோலையும் எழுதுங்கள். பாட்டி கைப்பக்குவத்தை எழுதி வைக்கும் மருமகள்களும், ஆழாக்கு என்றால் வீட்டிலிருக்கும் எந்த ஆழாக்கு, எத்தனை கிராம் பிடிக்கும் என்று ஒரு தரம் நிறுத்து எழுதிவிட்டால் பேத்திக்கு உதவும்.

மூன்றாவது, கணினியிலும் செல்போனிலும் உள்ள கோப்புகள். பத்திரத்தையும் பழைய கடிதத்தையும் படமெடுத்து வைக்கிறோம். அதற்குப் பேர் வைக்கும்போது வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் 2005-07-26 என்று ஆரம்பியுங்கள். 1988-இல் உலகத் தர நிறுவனம் வகுத்த வழி அது. இப்படி வைத்தால் கோப்புகள் கால வரிசையில் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவது நமக்கும் பழக்கமானதுதான். ஆனந்தரங்கர் தமிழ்த் தேதியை நள வருஷம், ஆவணி மாதம், பிறகு நாள் என்று அந்த வரிசையில்தான் எழுதினார். தேதிக்குப் பிறகு ஆள், ஊர், விஷயம்.

நான்காவதாக, வீட்டுக்கு ஒரு பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்த நாள், ஊர், நட்சத்திரம், படிப்பு, கல்யாணம், வேலை, குடியிருந்த வீடுகள், இறப்பு. ஒவ்வொன்றுக்கும் தேதியும் கிழமையும், யார் சொல்லக் கேட்டு எழுதினது என்ற குறிப்பும். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு என்று உடனே தெரியும். எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

ஆனந்தரங்கர் துபாஷி உத்தியோகத்தில் சேர்த்த செல்வம் போன இடம் தெரியவில்லை. அவர் எழுதின குறிப்பு மட்டும் பாரீசிலும் சென்னையிலும் புதுவையிலும் இருக்கிறது. நாம் பெரிய மனிதர்கள் அல்லதான். நம் கொள்ளுப்பேரன் செம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு தாளை எடுத்துப் படிக்கும்போது, இது யார், எந்த ஊர், எந்த நாள் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. வருகிற தை முதல் தேதி ஒரு நோட்டு வாங்குங்கள். மேலே வருஷம், மாதம், தேதி, கிழமை, ஊர் எழுதிவிட்டுப் பிறகு விஷயத்தை எழுதுங்கள்.